பெருநிலநடுக்கங்களும் எழுத்துச் சான்றும்

வரலாறு அறிந்த நிலநடுக்கங்களுள் ஆற்றல் மிக்கவை யாவை என்னும் வினாவிற்கு அறிவியல் நூல்கள் ஒரு பட்டியலை விடையாகத் தருகின்றன. 1960 மே 22இல் சிலி நாட்டின் வால்டிவியாப் பகுதியில் நிகழ்ந்தது 9.5 அளவினது, முதலிடம் பெறுவது அதுவே. 1964 மார்ச்சு 27இல் அலாஸ்காவில் நிகழ்ந்தது 9.2, 2004 டிசம்பர் 26இல் சுமத்திராவை அடுத்தும், 2011 மார்ச்சு 11இல் ஜப்பானின் வடகிழக்குக் கடலிலும் நிகழ்ந்தவை 9.1, 1952 நவம்பர் 4இல் கம்சாத்காவில் நிகழ்ந்தது 9.0. இவ்வைந்தும் கருவிகள் பதிந்தவை. கருவிகளின் காலமோ நூற்றைம்பது ஆண்டிற்கு உட்பட்டது. அதற்கு முற்பட்டவற்றை அறிதற்கு மாந்தர் எழுதிவைத்த குறிப்புகளும் மண்ணில் எஞ்சிய தடங்களுமே துணையாவன. அக்குறிப்புகளை எங்ஙனம் மதிப்பிடுவது என்பதை 1700ஆம் ஆண்டின் நடுக்கம் ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அளவும் கடுமையும்

முதற்கண் இருசொற்களை வேறுபடுத்தி உணர்தல் வேண்டும். அளவு என்பது பாறை பிளந்து நழுவியபோது வெளிப்பட்ட ஆற்றலைக் குறிப்பது. கடுமை என்பது ஓரிடத்தில் அந்நடுக்கம் உணரப்பட்ட தன்மையைக் குறிப்பது. ஒரு நடுக்கத்திற்கு அளவு ஒன்றே. கடுமை இடந்தோறும் வேறுபடும். அளவில் ஓரெண் கூடின் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். 1935இல் ரிக்டர் வகுத்த முறை மிகப் பெரிய நடுக்கங்களை உள்ளவாறு காட்டவில்லை. ஆகலின், பிளவின் பரப்பு, நழுவிய தொலைவு, பாறையின் விறைப்பு ஆகியவற்றால் கணிக்கும் முறையைக் கனமோரி முதலியோர் 1970களில் வகுத்தனர்.

அளவு மிக்கது அழிவும் மிக்கது எனக் கொள்ளுதல் பொருந்தாது. 2010 சனவரியில் ஹெய்ட்டியில் நிகழ்ந்தது 7.0 அளவினதே, ஆயினும் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த திங்களில் சிலியில் நிகழ்ந்த 8.8 அளவு நடுக்கம் ஆற்றலில் அதனினும் ஏறத்தாழ 500 மடங்கு பெரிது. மாண்டோர் 600 பேருக்கும் குறைவு. ஆகவே பழங்குறிப்பு ஒன்று பேரழிவைக் கூறுதலால் நடுக்கம் பெரிதெனத் துணிதலும், கூறாமையால் சிறிதெனத் துணிதலும் பிழையாகும்.

ஜப்பானியக் குறிப்புகள்

ஜப்பானியர் கணக்கில் கென்ரோக்கு 12ஆம் ஆண்டு, 12ஆம் திங்கள், 8ஆம் நாள். கிறித்துவ ஆண்டுக் கணக்கில் அது 1700 சனவரி 27 ஆகும். அன்று நள்ளிரவை ஒட்டி அந்நாட்டின் கிழக்குக் கரையூர்களிற் கடல் புகுந்தது. குவகாசாகி என்னும் ஊரில் நீரால் 13 வீடுகள் அழிந்தன. தீயால் மேலும் 20 வீடுகள் எரிந்தன. இவற்றை எழுதியோர் ஊர்த்தலைவர், அலுவலர், வணிகர் முதலியோர். அறிவியல் உண்மையை நிறுவுதல் அவர்தம் நோக்கமன்று. தத்தம் ஊரின் இழப்பையும் உதவியையும் கணக்கிட்டனர், அவ்வளவே. ஆயினும் மிஹோ ஊர்த்தலைவர், நிலம் நடுங்காமலே கடல் பொங்கியதைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். அவ்வியப்பே பிற்கால ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று. அலை தொலைவிலிருந்து வந்தது என்பதற்கு அது சான்றன்றோ?

1996இல் கென்ஜி சதாகே முதலிய ஜப்பானிய அறிஞர், அலை எழுந்த நேரத்தையும் உயரத்தையும் கணக்கிட்டு, பிற கரைகளை ஆராய்ந்து விலக்கி, அதன் மூலம் வட அமெரிக்காவின் மேலைக்கரையே என முடிவு செய்தனர். அங்கு 1700 சனவரி 26 இரவு 9 மணியளவில், ஏறத்தாழ 9 அளவினதாகிய நடுக்கம் நிகழ்ந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

மண்ணும் மரமும் வாய்மொழியும்

வான்கூவர் தீவு முதல் வடகலிபோர்னியா வரை ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் நீளும் அக்கரைக்கு அந்நாளைய எழுத்துச் சான்று யாதும் இல்லை. ஆனால் 1980களில் பிரையன் அட்வாட்டர் என்னும் நிலவியலார், வாசிங்டன் கரையில் பழைய சதுப்பு நிலம் திடுமெனத் தாழ்ந்து, மணலாலும் சேற்றாலும் மூடப்பட்டிருந்ததைக் கண்டார். உவர்நீரில் நின்றபடியே பட்டுப்போன செடார் மரங்களின் ஆண்டு வளையங்கள், அவை 1699இன் வளர்பருவத்திற்குப் பின்னும் 1700இன் வளர்பருவத்திற்கு முன்னும் மடிந்தமையைக் காட்டின. பச்சீனா விரிகுடாப் பழங்குடியினர், குளிர்கால இரவொன்றில் நிலம் அதிர்ந்து கடல் ஓர் ஊரையே விழுங்கியதை வாய்மொழியாகப் போற்றி வந்தனர்.

இச்சான்றுகளுள் ஒன்றேனும் தனித்து நின்று உண்மையை நிறுவவில்லை. ஏடு நாளைக் காட்டிற்று, இடத்தைக் காட்டவில்லை. மண் இடத்தைக் காட்டிற்று. மரம் பருவத்தைக் காட்டிற்று. வாய்மொழி மாந்தர் பட்ட துயரைக் காத்தது. நான்கும் ஒன்றையொன்று அறியாமலே ஒத்துநின்றமையால் முடிபு வலுப்பெற்றது. பெருநடுக்கம் இல்லை எனக் கருதப்பட்ட அக்கரையிற் கட்டட விதிகள் இன்று கடுமையாக்கப் பெற்றுள்ளன.

நமக்குரிய பாடம்

இறையனார் களவியலுரை கூறும் கடல்கோளை அவ்வாறே ஏற்பாரும் உளர். முற்றும் புனைவெனத் தள்ளுவாரும் உளர். 2004இல் நாகைக் கரையைக் கடல் கொண்டமை, அத்தகைய நினைவுக்கு மெய்ந்நிகழ்ச்சி அடிப்படையாதல் கூடும் என்பதைக் காட்டும். உரை கூறும் காலத்தையும் பரப்பையும் அது மெய்ப்பிக்காது. நூலுரையை மண்ணோடும் காலத்தோடும் ஒப்பிட்டு நோக்கும் வரை ஏற்றலும் தள்ளலும் ஒருசார் முடிபேயாகும். அவ்வொப்பீடு, இலக்கிய ஆய்வாளரும் நிலவியலாரும் கூடிச் செய்தற்குரிய பணி எனக் கருதுகிறோம்.