கழற்றி வைக்க ஒரு வன்தட்டு

1998-ல் பிக்சார் ஸ்டூடியோவில் யாரோ கொடுத்த ஒரு கட்டளையால் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. பேக்கப்பைத் தேடிப் போனால், அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சுஸ்மன், கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்து வந்தார். அவருடைய வீட்டுக் கணினியில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது.

அழிவதற்குத் தவறான கட்டளைதான் வேண்டும் என்பதில்லை. வன்தட்டுக்குள், அதாவது ஹார்டு டிஸ்க்குக்குள், தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. சில நானோமீட்டர் இடைவெளியில் மிதந்தபடி காந்தமுனை அவற்றில் எழுதுகிறது. கீழே விழுந்தால் முனை தகட்டில் உரசிவிடும். விழாவிட்டாலும் நாளடைவில் தேய்ந்து போகும். ஆகவே இரண்டாவது ஹார்டு டிஸ்க் எல்லோருக்கும் தேவை.

டெஸ்க்டாப் என்றால் பெட்டிக்குள்ளேயே பொருத்தலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மதர்போர்டிலிருந்து ஒரு சாட்டா கேபிள், பவர் சப்ளையிலிருந்து ஒரு கேபிள், அவ்வளவுதான். ஆனால் பேக்கப்புக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடி மின்னலில் மின்னழுத்தம் எகிறினால் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகப் போகும். 2017-ல் பரவிய வான்னாக்ரை போன்ற, பணயத்தொகை கேட்கும் வைரஸ்கள், கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டிவிடும்.

வெளியே யுஎஸ்பியில் செருகும் டிஸ்க்கே நல்லது. 2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி தரும் 5 வோல்ட் போதும். 3.5 அங்குலத்துக்கு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால் தனி அடாப்டர் வரும். பழைய லேப்டாப்பின் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு கேஸ் வாங்கி அதில் போட்டுக்கொள்ளலாம். யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். பல கணினிகளில் அது நீல நிறத்தில் இருக்கும். யுஎஸ்பி 2-ல் நொடிக்கு 480 மெகாபிட்தான் உச்சம், யுஎஸ்பி 3-ல் 5 கிகாபிட்.

புது டிஸ்க் சிலசமயம் விண்டோஸில் கண்ணுக்கே தெரியாது. ‘டிஸ்க் மேனேஜ்மெண்ட்’ போய் இனிஷியலைஸ் செய்து, ஃபார்மட் செய்ய வேண்டும். 2 டெராபைட்டுக்கு மேல் என்றால் ஜிபிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸுக்கு மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட். ஏற்கெனவே கோப்புகள் இருக்கும் டிஸ்க்கில் இந்த வேலையைத் தப்பித்தவறியும் செய்துவிடாதீர்கள்.

பிறகு விண்டோஸில் ‘ஃபைல் ஹிஸ்டரி’, மேக்கில் (எக்ஸ்ஃபேட் அல்லாத டிஸ்க்கில்) ‘டைம் மெஷின்’ நகலெடுக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் முறைப்படி ‘எஜெக்ட்’ கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். அவ்வப்போது அதிலிருந்து சில கோப்புகளை மீட்டெடுத்து, திறந்து பாருங்கள். திறக்காத நகலை நம்பி மூலத்தை அழித்துவிடாதீர்கள்.