போன சீட்டின் கணக்கு

சீட்டுக்கட்டில் 52 சீட்டு. அதில் ஏஸ் நான்கு. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினால் அது ஏஸாக இருக்கும் நிகழ்தகவு 13-ல் 1. பந்தயக் கணக்கில் இதையே 12-க்கு 1 என்பார்கள். ஏமாறும் வழி பன்னிரண்டு, ஜெயிக்கும் வழி ஒன்று.

உருவிய ஏஸைத் திரும்பச் செருகாமல் அடுத்ததை எடுத்தால் மிச்சம் 51 சீட்டு, மூன்று ஏஸ். இரண்டுமே ஏஸாக அமைய 4/52-ஐ 3/51-ஆல் பெருக்க வேண்டும்: 221-ல் ஒரு வாய்ப்பு. தாயக்கட்டை இப்படியல்ல, முன்பு எத்தனை தாயம் விழுந்திருந்தாலும் அடுத்த உருட்டலுக்கு அது தெரியாது.

இந்த வேறுபாட்டை வைத்தே அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளைக் கலங்கடித்தார் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப். எம்.ஐ.டி.யின் ஐபிஎம் 704 கணினியில் பிளாக்ஜாக் ஆட்டத்தைப் பிரித்து மேய்ந்து, 1962-ல் 'பீட் தி டீலர்' நூலை வெளியிட்டார்.

பிளாக்ஜாக்கில் 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாமே 10. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்தால் கட்டிய பணத்துக்கு ஒன்றரை மடங்கு லாபம். முழுக்கட்டில் இதற்கான வாய்ப்பு 4.8 சதவீதம். பாதிக் கட்டு தீர்ந்து, மிச்சமுள்ள 26 சீட்டில் நான்கு ஏஸும் பன்னிரண்டு பத்துகளும் தங்கியிருந்தால் 14.8 சதவீதம். ஏஸ் நான்கும் போய்விட்டாலோ பூஜ்யம். சீட்டு போடுகிற விடுதிக்காரருக்கும் இதே வாய்ப்புதானே? உண்மைதான். ஆனால் அவருக்கு அது விழுந்தால் ஆட்டக்காரர் இழப்பது கட்டிய பணத்தை மட்டும். அந்த அரை மடங்கில் இருக்கிறது சூட்சுமத்தின் பெரும்பங்கு.

பின்னாளில் பரவிய எளிய முறையில் 2 முதல் 6 வரை விழுந்தால் ஒன்று கூட்ட வேண்டும். பத்தோ ஏஸோ விழுந்தால் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9 கணக்கில் இல்லை. தொகை ஏறினால் பெரிய சீட்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன என்று பொருள். பணத்தை அப்போது ஏற்றிக் கட்டலாம். அப்போதும் சாதகம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான். கைக்காசு முழுவதும் ஒரே இரவில் கரையலாம். சினிமாவில் இதை அவ்வளவாகக் காட்டுவதில்லை.

எண்ணுகிறவர்களை விடுதிகள் வெளியேற்றத் தொடங்கின. அவர்களில் ஒருவரான கென் உஸ்டன் தொடுத்த வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982-ல் அதற்குத் தடை போட்டது. விடுதிகளிடம் வேறு வழியும் இருந்தது: ஆறு, எட்டுக் கட்டுகளை ஒன்றாகக் கலைப்பது. ஒற்றைக் கட்டில் ஓர் ஏஸ் போனால் அடுத்த ஏஸுக்கான வாய்ப்பு 7.69 சதவீதத்திலிருந்து 5.88-க்குச் சரியும். எட்டுக் கட்டில் அது 7.47-ஓடு நின்றுவிடும்.