உங்களுக்குத் தெரியுமா? வாசல்வரை வந்த வேகம் அடுக்களைக்கு ஏன் வரவில்லை?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல், திங்கள்நகர், தக்கலைப் பக்கம் இப்போது தென்னைக்குத் தென்னை ஃபைபர் கேபிள் தொங்குகிறது. ஆனாலும் “காசு கட்டியும் நெட் இழுக்கவில்லை” என்ற பேச்சு ஓயவில்லை. பல வீடுகளில் குறை தெருவில் இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது. அடுத்த பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

● நாம் ‘மோடம்’ என்று சொல்லும் பெட்டி பெரும்பாலும் மோடம் அல்ல. கணினியின் எண்களைத் தொலைபேசிக் கம்பியில் போகும் ஒலியாக மாற்றி, மறுமுனையில் திரும்ப எண்களாக்கிய கருவிதான் மோடம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது அந்தக் கருவி வழியாகத்தான் இணைய முடிந்தது. ஃபைபர் வீட்டில் இருப்பது ஓஎன்டி. சிலர் ஓஎன்யூ என்பார்கள். கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறிகளாக்குவது அதன் வேலை. அதை வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் பங்குபோட்டுக் கொடுப்பது ரூட்டர். இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்துத் தருவதால்தான் இந்தக் குழப்பம்.

● அந்தக் கண்ணாடி இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. தறி ஓடிய இரணியலில் இதை நூலோடு ஒப்பிட்டால் உடனே புரியும். அதிலும் ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். அந்த ஒற்றை இழையிலேயே வரத்தும் போக்கும் இரண்டு வேறு அலைநீளங்களில் நடக்கின்றன. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத ஒளி. எனவே கழற்றிய கேபிள் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். பிள்ளைகளையும் பார்க்க விடாதீர்கள்.

● பெட்டியில் செருகும் முனை பச்சையா நீலமா என்று கவனித்திருக்கிறீர்களா? பச்சை முனையில் கண்ணாடி 8 டிகிரி சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். நீல முனையில் சாய்வு இல்லை. பச்சையை நீலத்தில் செருகினால் உள்ளே போகும்; ஆனால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும்.

● அடுத்தமுறை லைன்மேன் வந்தால் “பவர் எவ்வளவு காட்டுகிறது?” என்று கேளுங்கள். பெட்டிக்கு வரும் ஒளியின் பலம் மீட்டரில் மைனஸ் 20 டிபிஎம்மை ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலான பெட்டிகள் தடுமாறும். ஆணியில் இறுக்கி வளைத்த கேபிள், அணில் கடித்த இடம், தென்னை மட்டை விழுந்து இழுபட்ட இணைப்பு எல்லாம் அந்த எண்ணில் தெரிந்துவிடும். புது ரூட்டர் வாங்கி இந்தக் கோளாறைத் தீர்க்க முடியாது.

● பழைய லேண்ட்லைன் போன் கரண்ட் போனாலும் பேசியது. எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் கம்பியில் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போன நொடியே பெட்டி அணைந்துவிடும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களைப் பார்த்தவர்கள், ரூட்டர் வாங்கும்போதே ஒரு மினி யூபிஎஸ்ஸும் வாங்குவது நல்லது. பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறதோ அதே வோல்ட் யூபிஎஸ்ஸிலும் இருக்க வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக்கூடாது. கேபிள்காரர் தம் பக்கத்தில் வைத்திருக்கும் கருவிக்கும் பேட்டரி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் யூபிஎஸ்ஸால் பலன் இல்லை.

● 10 வாட் பெட்டி இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 7 யூனிட் மின்சாரம்தான் ஆகும்.

● ஐப்பசி இடிமழையில் முன்பெல்லாம் போன் கம்பி வழியாகவே மின்னல் வந்து மோடத்தைக் கருக்கிவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்தப் பயம் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் பல கேபிள்களில் இழைக்குத் துணையாக இரும்புக் கம்பியும் ஓடும். அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். இடி தொடங்கியதும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். முற்றத்துக் கேமராவுக்குப் போகும் லேன் வயர் செம்புதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

● ரூட்டர் அட்டையில் ‘ஏசி 1200’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். 1200 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று நினைத்து வாங்குவோம். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி, மேலே தள்ளிப் போட்ட எண். ஒரு போன் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு அலைவரிசையில்தான் இருக்கும். அதுவும் ஏட்டுக் கணக்கு; கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

இதைவிட முக்கியமானது, அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். போர்ட்கள் 10/100 என்று போட்டிருந்தால் அந்த ரூட்டர் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வாங்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. நீங்கள் 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினாலும் பாதி போர்ட்டிலேயே நின்றுவிடும். 10/100/1000, அதாவது ‘கிகாபிட்’ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ரூட்டர் வாங்கப் போகிறவர் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பார் என்றால் நான் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

● எம்பிபிஎஸ்ஸில் உள்ள முதல் ‘பி’ பிட்; படம் இறக்கும்போது தெரியும் எம்பியில் உள்ள ‘பி’ பைட். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். யாரும் ஏமாற்றவில்லை.

● ஓட்டு வீட்டின் மரத்தட்டு வழியாக வைஃபை எளிதாக ஏறும். இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட் தளத்தில் திணறும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவாக இருந்தாலும் தூரம் போகும். கேபிள் படிப்புரை வழியாக நுழைகிறது என்பதற்காகப் பெட்டியையும் அங்கேயே மாட்டிவிடுகிறோம். பாதி அலை முற்றத்துத் தென்னைக்குப் போகிறது, அடுக்களையில் வீடியோ கால் நின்று நின்று வருகிறது. வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் பெட்டி இருக்கவேண்டும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி மூன்றும் அலையைத் தடுப்பவை. பத்து மீட்டர் கூடுதல் கேபிளுக்கு ஆகும் செலவு, பெரிய பிளானுக்கு ஆண்டு முழுக்கக் கட்டும் கூடுதல் பணத்தைவிட மிகக் குறைவு.

● ஆன்டெனா குச்சியின் நுனியிலிருந்து அலை பாய்வதில்லை. குச்சியைச் சுற்றிலும் உளுந்தவடை வடிவில் பரவுகிறது. குச்சி அந்த வடையின் ஓட்டையில் இருக்கிறது. மாடிக்கும் சிக்னல் வேண்டுமென்றால் ஒரு குச்சியைப் படுக்கவையுங்கள்.

● 2.4 அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் இவற்றையே பங்குபோட வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது.

● ஆன்லைனில் ஓஎன்டி வாங்குவதற்கு முன் கேபிள்காரரிடம் ‘ஈபான்’ லைனா ‘ஜிபான்’ லைனா என்று கேளுங்கள். ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. ‘எக்ஸ்பான்’ என்று போட்டிருந்தால் இரண்டிலும் ஓடும். அப்போதும் அவர் தம் பக்கத்தில் பதிவுசெய்தால்தான் இணைப்பு வரும். தனி ரூட்டர் போடுகிறவர்கள் பழைய பெட்டியை, ரூட்டர் வேலையைப் பார்க்காத ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

● வளைகுடாவில் இருக்கும் மகன் ஊர் வீட்டுக் கேமராவைத் திறக்கும்போது, நம் வீட்டிலிருந்து படம் வெளியே போகிறது. அதற்கு வேண்டியது அப்லோடு வேகம். பிளான் எடுக்கும்போது டவுன்லோடை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தாயும் தகப்பனும் தனியே இருக்கும் எத்தனையோ வீடுகளுக்கு அந்தக் கேமராதான் துணை.

● 2004-ல் 256 கேபிபிஎஸ் இருந்தாலே இந்திய அரசுக் கணக்கில் அது பிராட்பேண்ட். 2023 ஜனவரியிலிருந்து 2 எம்பிபிஎஸ்.

● தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பாரத்நெட் பணி 2022-ல் தொடங்கியது நம் மாவட்டத்து முத்தலக்குறிச்சியில்தான்.

● பெட்டியோடு வந்த ‘அட்மின்’ பாஸ்வேர்டை மாற்றினீர்களா? 2016-ல் உலகை உலுக்கிய மிராய் வைரஸ், தயாரித்தவர்கள் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களிலும் ரூட்டர்களிலும்தான் புகுந்தது.

● கடைசியாக, இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பை லேன் வயரில் பெட்டியோடு இணைத்து வேகம் பாருங்கள். வயர் இல்லையென்றால் போனோடு பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, 5 கிகாஹெர்ட்ஸில் பாருங்கள். பிறகு வேகம் வராத அறையில் அதே சோதனை. பெட்டி அருகிலேயே குறைவு என்றால் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். அங்கே சரியாக இருந்து, அறையில் மட்டும் குறைந்தால் பிளானை மாற்றாதீர்கள். பெட்டியின் இடத்தை மாற்றுங்கள்.