ஸ்கூல் நர்சு வேலைக்கு வெள்ளை கோட்டு போதாது: பதிவு எண் இருக்கா?

சென்னை:

பிரேயரில் பிள்ளை மயங்கி விழுந்தாலும், கிரவுண்டில் கை உடைந்தாலும், வகுப்பில் வலிப்பு வந்தாலும் முதலில் ஓடி வருவது டாக்டர் இல்லை. 'சிக் ரூம்' நர்சுதான். பள்ளி வேன் டிரைவரிடம் லைசென்சு இருக்கா என்று கேட்கும் பெற்றோர்கூட, நர்சு என்ன படித்தவர் என்று கேட்பது இல்லை.

பள்ளிக்கூட நர்சுக்கு என்று நம்மூரில் தனி லைசென்சு கிடையாது. ஆஸ்பத்திரி நர்சுக்கு என்ன தகுதியோ, அதேதான் இவருக்கும். தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயர் பதிவாகி இருக்க வேண்டும். 1926-ம் ஆண்டு சட்டப்படி வந்த கவுன்சில் இது. அது தரும் பதிவு எண்தான் லைசென்சு.

என்ன படிக்கணும்?

பதிவு செய்யக்கூடிய படிப்புகளில் முக்கியமானவை மூன்று. பிளஸ்-2 முடித்தவர்கள் 2 ஆண்டு ஏ.என்.எம். அல்லது 3 ஆண்டு ஜி.என்.எம். படிக்கலாம். பிளஸ்-2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவர்களுக்கு 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது.

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. "பத்தாவது போதும், ஒரே வருஷத்தில் நர்சு" என்று பஸ் ஸ்டாண்டு சுவர் எல்லாம் போஸ்டர். அங்கேயும் யூனிபார்ம் உண்டு, பட்டமளிப்பு விழா உண்டு, சர்டிபிகேட்டும் உண்டு. ஆனால் அதை வைத்து நர்சாக பதிவு செய்ய முடியாது. உதவியாளர் வேலைதான் கிடைக்கும், சம்பளமும் அதற்கு ஏற்றதுதான். நகையை அடகு வைத்து பீஸ் கட்டிய அப்பா-அம்மாவுக்கு இது தெரியவருவது, மகள் வேலைக்கு மனு போடும்போதுதான்.

எனவே அட்மிஷன் போடும் முன்பே, 'இந்த படிப்பை முடித்தால் கவுன்சிலில் நர்சாக பதிவு செய்யலாமா?' என்று நேரடியாக கேட்டுவிட வேண்டும். மழுப்பினால் நடையைக் கட்டலாம். மருத்துவ பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் அரசு நர்சு வேலைக்கும் கவுன்சில் பதிவு கட்டாயம்.

அரசு பள்ளிகளில் எப்படி?

2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத்திட்டத்தில், டாக்டர், நர்சு அடங்கிய நடமாடும் குழு அரசு பள்ளிகளுக்கு போய் மாணவர்களை பரிசோதிக்கிறது. தனியார் பள்ளியில் பெற்றோர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பதிவு பெற்ற நர்சாக இருந்தாலும், தன் இஷ்டத்துக்கு ஊசி, மாத்திரை கொடுக்க முடியாது. வலிப்பு, இழுப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர், டாக்டர் சீட்டின் நகலை மருந்துடன் பள்ளியில் கொடுத்து வைப்பது நல்லது.

கேரளா, கர்நாடகாவில் படித்து அங்கேயே பதிவு செய்தவர்கள், இங்கே வேலை பார்க்க தமிழ்நாடு கவுன்சிலிலும் பதிவு பெற வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.