வெண்பனியை அளப்போர்

பனி என்றதும் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளியே நம் நினைவுக்கு வரும். நாம் இங்குக் கூறப்புகுவதோ குளிர்நாடுகளிற் கூரைகளை மூடும் வெண்பனி.

அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்துப் போட் கொலின்ஸ் நகரில் 1997 யூலை 28 இல் எழுந்த வெள்ளம் ஐவர் உயிரைக் கவர்ந்தது. நகரின் ஒரு பக்கத்தில் ஓரடிக்கு மேல் மழை. சில மைல் தொலைவிற் சிறுமழையே. சில மானிகளால் இவ்வேற்றுமையை அறிதல் அரிது. எனவே 1998 இல் அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகம் பொதுமக்களையே அளக்க அழைத்தது. இன்று பல்லாயிரவர் தத்தம் முற்றத்தில் மானி நாட்டியுள்ளனர்.

குளிர்காலத்தில் மானியின் புனலையும் உட்குழாயையும் நீக்கிவிடுவர். வெளிக்கலத்தில் நிரம்பிய பனியில் அளந்த இளஞ்சுடுநீரை ஊற்றி உருக்கி, ஊற்றியதைக் கழிப்பர். உயரத்தை மட்டும் அளந்தாற் போதாதோ? போதாது. 10 அங்குலப் பனி 1 அங்குல நீராகும் என்பது பழங்கணக்கு. ஆயின் ஈரப்பனியாயின் 5 அங்குலமே அந்நீரைத் தரக்கூடும், உலர்பனியாயின் 20 அங்குலமும் வேண்டியதாகலாம். வேனிலில் ஆறும் வயலும் பெறப்போவது அந்நீரையே.

ஒன்றும் விழாத நாளிலும் பூச்சியம் என்று எழுதியனுப்புமாறு அவர்களை வேண்டுவர். எழுதாவிடின், பனி பெய்யவில்லையா, அளப்பவர் உறங்கிவிட்டாரா என எவர் அறிவார்? நாடோறும் வரவுப் பதிவேடு குறிக்கும் எமக்கு இது நன்கு விளங்குகின்றது.