பயிரை மாற்றச் சொல்லுமுன்

மன்னார், வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் கமக்காரருக்கான பயிற்சி வகுப்புகளுக்குக் குறைவில்லை. மண்டபத்தில் கதிரை போட்டு, காலநிலை மாற்றம் பற்றி ஒருவர் விளக்கம் கொடுப்பார். மதியச் சாப்பாட்டுடன் விதைப் பொதி ஒன்றும் கிடைக்கும். அடுத்த போகத்தில் போய்ப் பார்த்தால் அதே வயலில் அதே நெல்தான் நிற்கும். கமக்காரர் பிடிவாதக்காரர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது சரியன்று.

ஒன்றரை ஏக்கர் வயலும் அடைவில் வைத்த நகையும் உள்ளவருக்குப் பழகிய நெல் என்பது கணக்குத் தெரிந்த பயிர். எப்போது கதிர் தள்ளும், யார் வாங்குவார், பிழைத்தால் எவ்வளவு போகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புதிய பயிரில் இவை எதுவும் தெரியாது. “விளைஞ்சால் ஆர் வாங்கிறது?” என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பயிற்சிக்குப் போகிறவர் போகாமலே இருக்கலாம்.

ஆனால் மாற்றம் தேவை என்பதிலும் ஐயமில்லை. 2016-17 காலபோகத்தில் மழை பொய்த்தபோது குளங்களை நம்பியிருந்த வயல்களும் தரிசாகக் கிடந்தன. அப்படிப்பட்ட ஆண்டில் முதலில் கைகொடுப்பது குறுகிய வயது நெல். அதன் பெயரிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. பி.ஜி. என்பது பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தையும், ஏ.ரி. என்பது அம்பலாந்தோட்டையையும் குறிக்கும். இலக்கம் வயதைச் சொல்லும்: பி.ஜி. 250 இரண்டரை மாதம், 300 மூன்று மாதம், 352 மூன்றரை மாதம். மூன்றரை மாத நெல்லை விட்டு இரண்டரை மாத நெல்லை விதைத்தால் ஒரு மாத நீர் மிஞ்சும். விளைச்சல் சற்றுக் குறையும். இந்தப் பேரத்தை மறைக்காமல் சொல்லவேண்டும்.

அடுத்தது பயறு. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்ததும் வயலில் எஞ்சியுள்ள ஈரத்திலேயே அதை விதைக்கலாம். ஏறத்தாழ 60 நாளில் காய் ஆய்ந்துவிடலாம். வேர்முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்கும். நீர் தேங்கினால் மட்டும் அழுகும், வடிகால் வெட்டவேண்டும். இவ்வளவு நல்ல பயிரை ஏன் எல்லோரும் விதைப்பதில்லை? மாடு. அறுவடை முடிந்ததும் மாடுகளை வயலில் அவிழ்த்துவிடுவது ஊர் வழக்கம். தனியொருவர் பயறு விதைத்தால் அது மாட்டுக்கும் மயிலுக்கும் விதைத்ததாகத்தான் முடியும். ஒரு வாய்க்காலின் கீழுள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து விதைக்கவும், மாட்டுக்காரரோடு நாள் குறிக்கவும் வேண்டும். இதை வகுப்பில் கற்பிக்க முடியாது. கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில், அறுவடைக்கு முன்னரே பேசி முடிக்கவேண்டிய விடயம் இது.

இந்த இடத்தில் 1989இல் இந்தோனேசியாவில் தொடங்கிய வயற் பாடசாலை முறை எமக்கு உதவும். கபிலநிறத் தத்தியைக் கட்டுப்படுத்த ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் துணையுடன் உருவானது அது. இருபது, இருபத்தைந்து பேர் ஒரு போகம் முழுவதும் வாரத்துக்கு ஒருமுறை ஒரே வயலில் கூடுவார்கள். ஒரு பாதியில் வழக்கமான முறை, மறுபாதியில் புதியது. செடியைப் பிடித்துப் பார்த்து, பூச்சியை எண்ணி, கண்டதைத் தாளில் வரைந்து, தாங்களே முடிவு சொல்வார்கள். போதனாசிரியர் கேள்வி கேட்பவர் மட்டுமே. (எமது போதனாசிரியர்கள் சிலருக்கு இதுதான் மிகக் கடினம்.)

நாடு முழுவதையும் ஒரே போகத்தில் மாற்ற முனைந்தால் என்ன நடக்கும் என்பதை 2021இல் கண்டோம். இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதித்த தடையை அவ்வாண்டு முடியுமுன்னரே நீக்கவேண்டி வந்தது. விளைச்சல் விழுந்ததன் சுமை கமக்காரரின் தலையில்தான் இறங்கியது.

ஆகவே கால் ஏக்கருடன் தொடங்கட்டும். அந்தக் கால் ஏக்கர் பிழைத்தால் விதைச் செலவை யார் ஏற்பது என்பதைப் பயிற்சி நடத்துவோர் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். கூட்டத்துக்குப் பெண்களையும் அவர்களுக்கு வசதியான நேரத்தில் அழைக்கவேண்டும். களை பிடுங்குவதிலும் காய் ஆய்வதிலும் பெரும்பங்கு அவர்களுடையது. பயறு தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் நல்ல செடிகளில் ஆய்ந்த காயை விதைக்கு ஒதுக்கலாம். நன்றாக வெயிலில் காயவைத்து, வண்டு புகாதபடி இறுக மூடிய போத்தலில் வைத்தால் அடுத்த பங்குனியில் அயல்காரருக்கும் ஒரு கொத்து கொடுக்கலாம்.