ஆய்வு நெறியாளர் யார்?

நம் பிள்ளைகளில் சிலர் முனைவர் பட்டம் பெறத் தமிழகப் பல்கலைக்கழகங்களை நாடுகின்றனர். அங்கே அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியரை நெறியாளர் என்பார்கள். கல்லூரியில் பாடம் நடத்துவோர் எல்லாரும் நெறியாளர் ஆகிவிட முடியாது.

இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் இதற்கு விதிகள் வகுத்தது. நெறியாளர் நிரந்தரப் பணியில் இருக்கவேண்டும். தாமும் முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அறிஞர்கள் சரிபார்த்து வெளியிடும் ஆய்விதழ்களில் பேராசிரியரும் இணைப் பேராசிரியரும் குறைந்தது 5 கட்டுரைகளும், உதவிப் பேராசிரியர் 3 கட்டுரைகளும் எழுதியிருக்க வேண்டும். தாமே ஆய்வு செய்து பழகியவரால்தானே பிறருக்கு அதைக் கற்பிக்க முடியும்?

மாணவர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் ஏற்கலாம். இதற்கு மேல் வெளிநாட்டு மாணவர் இருவருக்கும் இடமுண்டு. பால்மரம் வெட்டுபவரிடம் அளவுக்கு மிஞ்சிய மரங்களை ஒப்படைத்தால் வெட்டு கெட்டுவிடும் என்பதை நாம் அறிவோம். இதுவும் அப்படித்தான்.

இன்னொரு விதி மிக முக்கியமானது. ஓய்வுபெற 3 ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்கக்கூடாது. பட்டத்திற்கே குறைந்தது 3 ஆண்டுகள் ஆகுமே! நடுவழியில் மாணவர் தவிக்கக்கூடாது அல்லவா?

ஆகவே பெற்றோர்களே, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கட்டணமாகக் கட்டுவதற்கு முன்பு மூன்று கேள்விகளைக் கேட்போம்: நெறியாளருக்குத் தகுதி உண்டா? அவரிடம் இப்போது எத்தனை மாணவர்கள்? அவர் ஓய்வுபெற இன்னும் எத்தனை ஆண்டுகள்? கேட்பதில் வெட்கமில்லை, கேட்காமல் விட்டால் நட்டம் நமக்கே.